அரியர் வைத்த கதாநாயகன்

(வேடந்தாங்கலில் ஆற்றிய அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் இது. ஏரிக்கு வந்திருக்கும் பறவைகள் மிரண்டுவிடும் என்று பிள்ளைகளின் பட்டாசு ஆசையையே அடக்கி வைத்திருக்கிறீர்கள். இப்படிப்பட்ட ஊரில், தமிழ் சினிமாவில் அதிகமாகக் கூச்சல் போடும் கல்லூரி காமெடிப் படங்களைப் பற்றிப் பேச என்னை அழைத்திருக்கிறீர்கள். விடுதி மாணவர்களையும் வலசை வரும் பறவைகளையும் ஒப்பிட்டு நாலு வரி சொல்வேன் என்று எதிர்பார்த்திருந்தால் மன்னியுங்கள். பறவைகள் ஒழுங்காக நேரத்துக்கு வருகின்றன.

நான் சினிமா விமர்சகன் இல்லை. ஜி.எஸ்.டி. சாலையோரம் ஒரு பொறியியல் கல்லூரியில் கணிதம் எடுத்து ஓய்வு பெற்றவன். எம்-1, எம்-2, எம்-3 என்று பிள்ளைகள் சொல்வார்களே, அந்தப் பாடங்கள்தான். படத்தில் கதாநாயகன் தேறாமல் வைத்திருக்கும் அரியரில் பாதி என் பாடத்தில் வைத்ததாகத்தான் இருக்கும். அந்த உரிமையில் பேசுகிறேன்.

சொல்ல வந்தது ஒன்றுதான். நம் பக்கத்து வீடுகள் பலவற்றுக்கும் கல்லூரி எப்படி இருக்கும் என்று முதலில் சொன்னது சினிமா. அப்பாவோ அத்தையோ கல்லூரிக்குப் போயிருந்தால் அவர்கள் சொல்லியிருப்பார்கள், அவர்கள் போகவில்லை. வீட்டில் யாரும் பட்டம் வாங்காத மாணவருக்குத் தொழிற்கல்விக் கட்டணத்தில் சலுகை 2010இல் வந்தது. அந்த முதல் பட்டதாரிச் சான்றிதழுக்காகத் தாலுகா அலுவலகத்தில் நின்றவர்கள் இந்த அவையிலேயே இருப்பீர்கள். சான்றிதழைக் கையில் வைத்துக்கொண்டு என் வகுப்புக்கு வந்த பையனுக்குக் கல்லூரி பிராஸ்பெக்டஸைவிட ‘காதல் தேசம்’ நன்றாகத் தெரிந்திருந்தது. “கேன்டீன்ல பொண்ணுங்க பக்கத்துல உட்காரலாமா சார்?” என்று ஒருவன் முதல் வாரமே கேட்டான். எங்கள் கல்லூரியில் ஆணுக்கு ஒரு படிக்கட்டு, பெண்ணுக்கு ஒரு படிக்கட்டு. அவனிடம் என்ன சொல்வது?

இந்த வகைப் படங்களுக்கு உலக அளவில் மூத்தது என்று 1978இல் வந்த ‘அனிமல் ஹவுஸ்’ என்ற அமெரிக்கப் படத்தைச் சொல்வார்கள். ஜான் லாண்டிஸ் இயக்கினார். ‘நேஷனல் லாம்பூன்’ என்ற நையாண்டிப் பத்திரிகைக்காரர்கள் தங்கள் கல்லூரிக் கதைகளைச் சேர்த்து எழுதினார்கள். அங்கே ஃப்ரெட்டர்னிட்டி என்றொரு ஏற்பாடு உண்டு. கிரேக்க எழுத்துகளில் பெயர் வைத்த சங்கம், அதற்குச் சொந்தமாக வீடு, பழைய மாணவர்களின் பணம், அழைத்தால்தான் சேர முடியும் என்ற விதி. கல்லூரியிலேயே உருப்படாத சங்கம் ஒன்றை டீன் ஒழித்துக்கட்டப் பார்க்கிறார், பையன்கள் ஊரையே கலவரமாக்குகிறார்கள். கதை அவ்வளவுதான். ஏறக்குறைய 30 லட்சம் டாலரில் எடுத்த படம் 14 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. படத்தில் வந்த மாதிரி படுக்கை விரிப்பைச் சுற்றிக்கொண்டு விருந்து வைப்பது அமெரிக்கக் கல்லூரிகளில் தொற்றாகப் பரவியது. படம் 2001இல் அந்நாட்டு தேசியத் திரைப்படப் பதிவேட்டிலும் இடம்பிடித்தது. அதற்கப்புறம் வந்த நூறு படங்கள் அதன் நகல்.

அந்தப் பையன்களுக்குக் கல்லூரியில் இடம் இருப்பது இயல்பு. அவர்களுடைய அப்பாவும் அதே சங்கத்தில் இருந்திருப்பார். கல்லூரியைவிட்டுத் துரத்தினாலும் வாழ்க்கை நடக்கும். அதனால் அவர்களால் கல்லூரியை உடைத்து விளையாட முடிகிறது. நம் பையனுக்குப் பின்னால் இருப்பது வங்கிக் கடனும் அடகு வைத்த நகையும்.

காலை ஆறே முக்காலுக்குப் படாளம் கூட்டுரோட்டில் நின்று பாருங்கள். மஞ்சள் கல்லூரி பஸ்கள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். கழுத்தில் ஐ.டி. கார்டு, மடியில் டிபன் பை. முன்பாதியில் பெண்கள், பின்பாதியில் பையன்கள், நடுவில் எல்லைக்கல்லாக ஒரு ஆசிரியர். பின்சீட்டில் ஒருவன் பஸ்ஸின் ஆட்டத்தோடு சேர்ந்து ஆடிக்கொண்டே நண்பனின் ரெக்கார்டு நோட்டைப் பார்த்து எழுதிக்கொண்டிருப்பான். பக்கத்தில் இருப்பவன் அவன் கையெழுத்தைக் கலாய்ப்பான். நம்முடைய ஃப்ரெட்டர்னிட்டி இந்தப் பின்சீட்டுதான். தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரிக்குச் செலையூர், செயின்ட் தாமஸ், பிஷப் ஹீபர் என்று பெயர் பெற்ற விடுதிகள் உண்டு. 1937இல் அந்தக் கல்லூரி தாம்பரத்துக்கு வந்ததிலிருந்து அவற்றுக்கென்று பெருமையும் போட்டியும் வளர்ந்திருக்கின்றன. அது விதிவிலக்கு. மற்ற இடங்களில் பஸ், டீக்கடை, குட்டிச்சுவர்.

பழைய படங்களில் கல்லூரி என்பது கதாநாயகன் பாஸான செய்தியை அம்மாவிடம் ஓடிவந்து சொல்வதற்காக இருந்தது. நாற்பது வயது நாயகன் இரண்டு புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டு நடந்தால் அவர் மாணவர். வகுப்பு, பெஞ்சு, நண்பர் கூட்டம் என்று உண்மையான கல்லூரி வாசனை வந்தது 1980இல் ‘ஒரு தலை ராகம்’ படத்தில். டி.ராஜேந்தரின் கதை அது. அவர் படித்த மாயவரத்துக் கல்லூரியும் ரயிலும் அதில் வந்தன. சோகப்படம்தான். ஆனாலும் நாயகனைச் சுற்றிக் கிண்டலடித்துக்கொண்டு திரியும் நண்பர் கூட்டம் என்ற அமைப்பு அங்கே உறுதிப்பட்டது. 1991இல் கதிரின் ‘இதயம்’ வந்தது. கிராமத்திலிருந்து மருத்துவம் படிக்க வந்த கூச்ச சுபாவக்காரனாக முரளி. அதற்கப்புறம் பல ஆண்டுகள் முரளி கல்லூரி மாணவராகவே நடித்தார் என்பதே ஊர் முழுக்கச் சொல்லிச் சிரிக்கும் ஜோக் ஆனது. நானும் சிரித்தேன். என் வகுப்பில் இருபத்தெட்டு வயதில் எம்-3 எழுத வந்தவர்களைப் பார்த்தபிறகு அவ்வளவாகச் சிரிப்பு வரவில்லை.

அதே கதிர் 1996இல் எடுத்தது ‘காதல் தேசம்’. பச்சையப்பன் கல்லூரிக்கும் லயோலா கல்லூரிக்கும் பகை. பச்சையப்பனில் வினீத், லயோலாவில் அப்பாஸ். இருவரும் நண்பர்களாகி, தபுவுக்காகப் பிரிந்து, மறுபடி சேர்கிறார்கள். ஏ.ஆர்.ரகுமானின் இசையில் அந்த முஸ்தபா பாட்டு இன்றுவரை எந்தக் கல்லூரி ஃபேர்வெல்லிலும் ஒலிக்காமல் இருப்பதில்லை. இப்போது கல்லூரியைவிட்டுப் போகும் பிள்ளைகள் அந்தப் படம் வந்த பிறகு பிறந்தவர்கள். ‘ஏப்ரல் மாதத்தில்’ படத்துக்கு யுவன் போட்ட பிரிவுப் பாட்டு வந்தபோது இது அந்த இடத்தைப் பிடிக்கும் என்றார்கள். இரண்டும் சேர்ந்து ஒலிக்கின்றன. அழ வேண்டிய இடம் எது என்று பிள்ளைகளுக்குத் தெரிந்திருப்பது இந்தப் பாட்டுகளால்தான்.

‘காதல் தேசம்’ ஆகஸ்டில் வந்தது. அதே ஆண்டு நவம்பரில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் மருத்துவக் கல்லூரி விடுதியில் முதலாண்டு மாணவர் பொன் நாவரசு சீனியர் ஒருவரின் கையால் கொல்லப்பட்டார். செய்தித்தாளில் வந்த விவரங்களைப் பலர் முழுதாகப் படிக்க முடியாமல் மடித்து வைத்தது நினைவிருக்கிறது. 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் வந்தது. பின்னர் உச்ச நீதிமன்ற உத்தரவின்படி அமைந்த ராகவன் குழு 2007இல் அறிக்கை தந்தது. 2009இல் பல்கலைக்கழக மானியக் குழுவின் விதிமுறைகள் வந்தன. இன்று ஒவ்வொரு மாணவரும் பெற்றோரும் ராகிங் செய்ய மாட்டேன் என்று உறுதிமொழிப் பத்திரம் தருகிறார்கள்.

சட்டம் வந்தது. படத்தில் ராகிங் தொடர்ந்தது. 2004இல் ‘வசூல் ராஜா எம்.பி.பி.எஸ்.’, 2012இல் ‘நண்பன்’. இரண்டும் இந்திப் படங்களின் தமிழ் வடிவம், இரண்டும் நல்ல மனசுக்காரப் படங்கள், இரண்டிலும் சீனியர்கள் புதிய பையன்களின் துணியைக் கழற்றச் சொல்லும் காட்சி உண்டு. நம் நாயகன் சாமர்த்தியமாகத் தப்பித்துச் சீனியரையே மாட்டிவைப்பான். தியேட்டர் சிரிக்கும். மூலப்படமான ‘3 இடியட்ஸ்’ போலவே ‘நண்பனி’லும், கதவைத் திறக்காத ஜூனியரின் வாசலில் சிறுநீர் கழிக்கும் சீனியருக்கு மின்சாரம் பாய்கிறது. சிரிப்பு இன்னும் பெரிதாகிறது. கிரேசி மோகன் ‘வசூல் ராஜா’வுக்கு எழுதிய வசனங்களை இன்றும் நான் சொல்லிச் சிரிப்பவன், ஆகவே இதை முகம் சுளித்துச் சொல்லவில்லை. ஆனால் கவனியுங்கள். சாமர்த்தியம் உள்ளவன் தப்பிக்கிறான். பக்கத்தில் வரிசையில் நிற்கும் மற்ற பையன்கள் என்ன ஆனார்கள் என்று காமிரா திரும்பிப் பார்ப்பதில்லை.

திரும்பிப் பார்த்தது 2018இல், மாரி செல்வராஜின் ‘பரியேறும் பெருமாள்’. அதைக் கல்லூரி நகைச்சுவைப் படங்களின் வரிசையில் வைப்பது சிலருக்கு உறுத்தலாம். படத்தின் முன்பகுதியைப் பாருங்கள். திருநெல்வேலி சட்டக் கல்லூரிக்கு வந்து சேரும் கிராமத்துப் பையன் பரியன், கடைசி பெஞ்சு, யோகி பாபு நண்பன், இங்கிலீஷ் புரியாமல் ஆசிரியரிடம் மாட்டிக்கொள்ளும் வகுப்பு, இங்கிலீஷ் சொல்லித்தர முன்வரும் பெண். கல்லூரி காமெடிக்கு வேண்டிய எல்லாச் சாமான்களும் இருக்கின்றன. நாமும் பழக்கதோஷத்தில் சிரிக்கத் தொடங்குகிறோம். அப்புறம் அந்தப் பெண்ணின் வீட்டுத் திருமணத்துக்குப் போன பரியனை ஒரு அறையில் அடைத்து அடிக்கிறார்கள்; அவன்மேல் சிறுநீர் கழிக்கிறார்கள். இன்னொரு காட்சியில், பெண் வேடம் கட்டி ஆடும் கூத்துக் கலைஞரான அவன் அப்பாவைத் தெருவில் துணி உருவி ஓடவிடுகிறார்கள். அந்த வேடத்தில் நடித்த தங்கராஜ் நிஜமாகவே கூத்துக் கலைஞர்.

சிறுநீர், துணி உருவுதல். இருபது ஆண்டுகளாக ஹாஸ்டல் காமெடி நம்மைச் சிரிக்க வைத்த அதே இரண்டு செயல்கள். இயக்குநர் இதைத் திட்டமிட்டுச் செய்தாரா என்று எனக்குத் தெரிய வேண்டியதில்லை. ஒரே ஊரில், ஒரே வயதுப் பையன்களுக்கு, அதே செயல் ஒருவனுக்கு ஜோக்காகவும் இன்னொருவனுக்கு ஆயுள் முழுவதும் தீராத அவமானமாகவும் எப்படி ஆகிறது என்பதற்கு விடை சாதியில் இருக்கிறது. விடுதியில் யார் துணியை யார் கழற்றச் சொன்னார்கள் என்ற கேள்வியைப் பழைய படங்கள் கேட்கவே இல்லை. கேட்காமல் விட்டது அது மட்டுமல்ல. ‘நண்பனி’ல் இன்னொரு காட்சி. மனப்பாடம் செய்து மேடையேறும் மாணவனின் பேச்சுத் தாளில் சொல்லை மாற்றிவிடுகிறார்கள். பாலியல் வன்முறையைக் குறிக்கும் சொல் மேடையில் திரும்பத் திரும்ப வந்து விழ, அரங்கமே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறது. தியேட்டரில் அன்று என் பக்கத்தில் இருந்த என் மகள் சிரிக்கவில்லை. எனக்கு அது வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது.

சினிமாவிலிருந்து பஸ்ஸுக்கும், பஸ்ஸிலிருந்து சினிமாவுக்கும் போக்குவரத்து உண்டு. சென்னையில் ‘பஸ் டே’ என்று ஒன்று நடந்துகொண்டிருந்தது. தினமும் போகும் பஸ்ஸுக்கு மாலை போட்டு, டிரைவருக்கும் கண்டக்டருக்கும் மரியாதை செய்வதாகத் தொடங்கிய வழக்கம். ‘ரூட் தல’ என்ற பதவி, மேற்கூரை ஆட்டம், கல்லூரிக்குக் கல்லூரி அடிதடி என்று போய், உயர் நீதிமன்றம் தடை போட்டது. 2019 ஜூனில் தடையையும் மீறிக் கூரையில் ஏறியவர்கள், பஸ் சட்டென்று நின்றதும் கொத்தாக விழுந்த காட்சியை நாடே கைப்பேசியில் பார்த்தது. சினிமாதான் கெடுத்தது என்று அன்று டிவி விவாதத்தில் எல்லோரும் சொன்னார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. அந்தப் பையன்களில் பலருக்குக் கல்லூரி கொடுத்த ஒரே பதவி அந்த ரூட் தல பதவிதான். மாணவர் தேர்தலை மூடிவிட்டோம், மைதானத்தில் புதிய கட்டடம் கட்டிவிட்டோம். தலைமை தாங்க ஆசைப்படுகிறவன் பஸ் கூரையில் ஏறினான்.

இனி அரியருக்கு வருகிறேன். என் சொந்தப் பேட்டை.

1984இல் எம்.ஜி.ஆர். ஆட்சி சுயநிதிப் பொறியியல் கல்லூரிகளுக்குக் கதவைத் திறந்தது. வண்டலூரில் கிரசென்ட், மேல்மருவத்தூரில் ஆதிபராசக்தி, அடுத்த ஆண்டு காட்டாங்குளத்தூரில் எஸ்.ஆர்.எம்., படூரில் இந்துஸ்தான் என்று நம் மாவட்டமே கல்லூரி மாவட்டம் ஆனது. மாநிலத்தில் எண்ணிக்கை ஒரு கட்டத்தில் ஐந்நூறைத் தாண்டியது. 2021-22 அகில இந்திய உயர்கல்வி ஆய்வின்படி, உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் நாட்டில் 28.4 சதவீதம், தமிழ்நாட்டில் 47. பெருமைப்பட வேண்டிய கணக்கு. அந்த 47க்குள் இருக்கும் பையன் எம்-1இல் ‘கப்பு’, அதாவது அரியர், வைக்கிறான். பேப்பர் திருத்தும் முகாமில் நான் பார்த்த விடைத்தாள்களில், கடைசிப் பக்கத்தில் “சார், அப்பாவுக்கு உடம்பு சரியில்லை, இதுதான் கடைசி சான்ஸ்” என்று எழுதியிருப்பார்கள். ஒருவன் தொகையீட்டுக் கணக்குக்குக் கீழே ஒரு படத்தின் கதையைச் சுருக்கி எழுதியிருந்தான். கதை நன்றாகவே இருந்தது. மார்க் போட இடமில்லை.

நம் சினிமா இந்த ஆளைக் கண்டுகொண்டது தாமதமாகத்தான். 2014இல் ‘வேலையில்லா பட்டதாரி’யில் தனுஷ் படித்துமுடித்து வீட்டில் உட்கார்ந்திருக்கும் இன்ஜினீயர். தியேட்டரில் எழுந்த விசிலில் பாதி சுயஇரக்கம். 2022இல் ‘டான்’: சிவகார்த்திகேயன் ஒரு பக்கம், ஒழுங்கு நடவடிக்கையே உருவான எஸ்.ஜே.சூர்யா மறுபக்கம். முதல் பாதி கல்லூரி கலாட்டா. இரண்டாம் பாதி அப்பா சென்டிமென்ட். அமெரிக்கப் படத்தில் டீனை ஜெயித்தால் படம் முடிந்தது. நம்மூரில் பிரின்சிபாலை ஜெயித்த பிறகு அப்பாவிடம் தோற்க வேண்டும்.

2025இல் வந்த ‘டிராகன்’ இந்த வரிசையில் எனக்குப் பிடித்த படம். அஸ்வத் மாரிமுத்து இயக்கம், பிரதீப் ரங்கநாதன் நாயகன். பிளஸ் டூவில் முதல் மாணவன், காதலில் தோற்றதும் ரவுடியாகி, 48 அரியரோடு கல்லூரியைவிட்டு வருகிறான். போலிச் சான்றிதழில் வேலைக்குப் போய் லட்சங்களில் சம்பளம் வாங்குகிறான். மிஷ்கின் நடித்த பிரின்சிபால் அவனைக் கண்டுபிடித்து, மறுபடி வகுப்பில் உட்கார்ந்து 48 பேப்பரையும் மூன்று மாதத்தில் பாஸ் செய்யச் சொல்கிறார். மூன்று மாதத்தில் 48 பேப்பர் என்பதைக் கணித ஆசிரியனாக நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். போகட்டும். அந்தப் போலிச் சான்றிதழால் வேலை இழந்தவன் ஒருவன் இருக்கிறான் என்று படம் கடைசியில் காட்டுகிறதே, அதற்காக அந்த 48ஐ மன்னிக்கலாம். கலாட்டாவுக்கு விலை உண்டு, அதை இன்னொருவன் கொடுத்துக்கொண்டிருக்கிறான் என்று கணக்குப் பார்த்த கல்லூரி காமெடி தமிழில் அபூர்வம்.

அரியர் எவ்வளவு தூரம் மக்கள் பண்பாடாகிவிட்டது என்பதற்கு 2020 ஆகஸ்டை நினைத்துக்கொள்ளுங்கள். கொரோனாவால் தேர்வு நடத்த முடியாத நிலையில், கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்களுக்குத் தேர்ச்சி என்று அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி அறிவித்தார். அவரை அரியர் மாணவர்களின் அரசராக்கிப் பேனர் வைத்தார்கள், மீம்கள் குவிந்தன. வழக்கு உயர் நீதிமன்றம் போய், கடைசியில் தேர்வு எழுதத்தான் வேண்டியிருந்தது. அந்தப் பேனர் வாசகத்தை எழுதிய கை, சந்தேகமில்லாமல், கல்லூரிப் படம் பார்த்து வளர்ந்த கை.

பட்டப்பெயர், உடை எல்லாம் இப்படித்தான் வந்தன. ‘சேது’வில் கல்லூரி முரடனுக்கு வைத்த ‘சீயான்’ என்ற பெயர் இன்று விக்ரமின் முன்னொட்டு. 2015இல் மலையாள ‘பிரேமம்’ சென்னையில் இருநூறு நாளைத் தாண்டி ஓடியது. அந்த ஆண்டு எங்கள் கல்லூரி ஓணம் விழாவில் கறுப்புச் சட்டை, வெள்ளை வேட்டி தவிர வேறு எதையும் காணோம். கேரளத்துப் பையன்களைவிட மதுராந்தகத்துப் பையன்களே அதிகம். இன்னொன்று கொஞ்சம் வெட்கத்தோடு சொல்ல வேண்டியது. நம் ஓ.எம்.ஆர். பொறியியல் கல்லூரி வாழ்க்கையை, அதன் ராகிங், மெஸ், நள்ளிரவு அரட்டை எல்லாவற்றோடும் விவரமாகக் காட்டியது 2022இல் வந்த ‘ஹிருதயம்’. காரப்பாக்கத்தில் படித்த வினீத் சீனிவாசன் அதே கல்லூரிக்குத் திரும்பி வந்து எடுத்த மலையாளப் படம்.

இத்தனை படங்களில் விடுதி என்றால் ஆண்கள் விடுதி. பெண் வருவாள், இரண்டு நண்பர்கள் சண்டை போட ஒரு காரணமாக வருவாள், அல்லது திருந்துவதற்குக் காரணமாக வருவாள். ‘மகளிர் மட்டும்’ 2017இல் விடுதித் தோழிகளைப் பல ஆண்டு கழித்துத் தேடிச் சேர்த்துவைத்தது. அதற்குள் அவர்களுக்கு வயதாகிவிட்டது. மாலை ஆறரைக்குள் கேட்டுக்குள் வர வேண்டிய விதி, அவுட் பாஸ், வார்டனின் கைப்பேசி, வீட்டுக்குத் தெரியாமல் போன மாமல்லபுரம் பயணம், தடை செய்த கெட்டிலில் நள்ளிரவு மேகி. இதில் இல்லாத காமெடியா? என் வகுப்பில் நன்றாக மிமிக்ரி செய்தவர்கள் பெண்களே. என் குரலை என்னைவிட நன்றாகப் பேசினாள் ஒருத்தி. ஆண்டு விழா மேடையில் அவளை ஏற்றக் கூடாது என்று நிர்வாகம் சொன்னது. நானும் அன்று பெரிதாக வாதாடவில்லை. சினிமா கண்டுகொள்ளாதது பெண்கள் விடுதியை மட்டுமல்ல. மாமல்லபுரத்தில் 1957இலிருந்து அரசுக் கட்டட, சிற்பக் கலைக் கல்லூரி இருக்கிறது. உளியும் கையுமாக வகுப்புக்குப் போகும் மாணவர்களைப் பற்றி எனக்குத் தெரிந்து ஒரு படம் இல்லை.

அறக்கட்டளை நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். அடுத்த ஆண்டு இந்த மேடைக்கு ஓய்வு பெற்ற வாத்தியாரை அழைக்காதீர்கள். இப்போது விடுதியில் இருக்கும் மாணவி ஒருவரை, இந்தப் பக்கத்துக் கல்லூரியிலிருந்தே அழையுங்கள். அவுட் பாஸ் வாங்கித் தரும் பொறுப்பை நான் ஏற்றுக்கொள்கிறேன். அவர் அரியர் வைத்திருந்தாலும் பரவாயில்லை.